மென்பொருளில் பழையன நீக்கும் முறைமை

முன்னுரை

பழைய வழக்குகள் மறைவதும் புதிய வழக்குகள் இடம்பெறுவதும் மொழிக்குக் குற்றமாகா, அவை காலத்தின் இயல்பே என்று நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் வகுத்துரைத்தார். தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த கருத்து இது. எனினும் மொழியில் இம்மாற்றம் நிகழும் விதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சொல் இன்ன நாளோடு வழக்கொழிய வேண்டும் என்று எவரும் ஆணையிடுவதில்லை. சொல் மெல்ல மெல்ல அருகி, பேச்சிலிருந்து நீங்கி, செய்யுளில் தங்கி, இறுதியில் அகராதியில் அடைக்கலம் புகுகிறது. அதனை இன்று ஒருவர் எடுத்தாண்டாலும் தமிழ் நின்றுவிடுவதில்லை.

கணினிக்கு எழுதப்படும் மென்பொருளில் நிலைமை வேறு. அங்கே ஒரு கூறு நீக்கப்படுமாயின், அதனை நம்பி எழுதப்பட்ட நிரல் அந்நாளிலேயே நின்றுவிடும். நீக்குவோரும் காலம் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் அல்லர். பெயரும் முகவரியும் உடைய மனிதர். ஆகவே, பழையதை நீக்குதல் அங்கே ஒரு பொறுப்பாகிறது. பயன்படுத்துவோருக்கு இடையூறு நேராதவாறு பழைய கூறுகளை எவ்வாறு நீக்குவது என்பதற்குத் திறமூல மென்பொருள் உலகம் பல ஆண்டுப் பட்டறிவால் சில நெறிகளை வகுத்துக்கொண்டுள்ளது. பைத்தான் என்னும் கணினி மொழியின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு அந்நெறிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறமூலம் என்பது யாது?

ஒரு மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு வெளியிடப்படுவது திறமூல மென்பொருள் ஆகும். இதனைப் பேணுவோருள் ஊதியம் பெறுவோரும் உளர். ஓய்வு நேரத்தில் உழைப்போரும் உளர். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், தம் படைப்பைப் பயன்படுத்துவோர் யாவர், எத்துணையர், எந்நாட்டினர் என்பதைப் பேணுநர் முழுமையாக அறிய வழியில்லை. கடைக்காரருக்கு வாடிக்கையாளரைத் தெரியும். ஊர்ப் பொதுக்கிணற்றை வெட்டியவருக்கு அதில் நீர் எடுப்போர் அனைவரையும் தெரிந்திருக்க இயலாது. கிணற்றின் ஒரு பக்கப் படிக்கட்டை இடிக்க நினைப்பவர், அப்படி வழியாக இறங்குவோர் எவரும் இலர் என்று எண்ணிவிடலாம். வைகறையில் வந்து செல்பவர் ஒருவர் இருப்பதை அவர் அறியமாட்டார்.

இதனோடு மற்றொரு சிக்கலும் உண்டு. இன்றைய மென்பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. ஒருவர் எழுதிய தொகுதியை மற்றொருவர் தம் நிரலில் சேர்க்கிறார். அந்நிரலை மூன்றாமவர் ஒருவர் தம் நிறுவனத்தில் நிறுவுகிறார். அடியில் உள்ள ஒரு கல் பெயர்க்கப்பட்டால் மேலே எந்தச் சுவர் விரிசல் காணும் என்பதை முன்கூட்டி உரைத்தல் அரிது.

எங்கள் துறையில் நிகழ்ந்தது

இப்பொருளில் எமக்கு ஈடுபாடு ஏற்பட்ட கதையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மாணவர் ஒருவர், உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்குச் சொல்லடைவு தயாரிக்கப் பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதினார். ஒருங்குறியில் தட்டச்சு செய்த பாடல்களை அது படித்து, சொற்களைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எத்துணை முறை வந்துள்ளது, எத்துணை நீளம் உடையது எனப் பட்டியலிடும். ஆய்வு மாணவர் பலர் ஆண்டுதோறும் அதனைப் பயன்படுத்தி வந்தனர். எழுதியவர் படிப்பை முடித்து வெளிநாடு சென்றுவிட்டார்.

2021ஆம் ஆண்டில் எங்கள் கணினிகளில் புதிய இயக்குதளம் நிறுவப்பட்டது. அன்றே அந்நிரல் நின்றுபோயிற்று. ஓரிடத்தில் இலக்கணப் பிழை என்று கணினி சுட்டியது. ஆனால் அந்த வரியில் எவரும் கை வைக்கவில்லை. கணினித் துறை நண்பர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நிரல் மாறவில்லை, ஐயா, அது எழுதப்பட்ட மொழிதான் மாறிவிட்டது” என்றார். பிரிண்ட் என்னும் கட்டளைக்குப் பழைய பைத்தானில் அடைப்புக்குறி வேண்டியதில்லை. புதிய பைத்தானில் வேண்டும். அதைத் திருத்தியதும் நிரல் ஓடியது. அனைவரும் மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. பட்டியலில் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் 1.67 என்று வந்திருந்தது! ஒரு சொல்லில் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான எழுத்து இருப்பதாக எந்த இலக்கணமும் கூறவில்லை. இந்த வியப்பான எண்ணின் காரணத்தை நாடியபோதுதான், பைத்தான் மொழியின் பெரும் மாற்றமும் அதன் பின்னணியும் எமக்கு விளங்கின.

பைத்தானின் இரு தலைமுறைகள்

நெதர்லாந்து நாட்டினரான கீடோ வான் ரோசம், ஆம்ஸ்டர்டாம் நகரின் கணித, கணினி ஆய்வு மையம் ஒன்றில் பணிபுரிந்தபோது 1989ஆம் ஆண்டின் இறுதியில் பைத்தான் மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991இல் அது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இரண்டாம் தலைமுறை தோன்றியது. எளிமை காரணமாக உலகெங்கும் பரவிய அம்மொழியில் சில அடிப்படைக் குறைகளும் இருந்தன. அவற்றுள் தலையாயது எழுத்துகளைக் கையாளும் முறை.

பழைய பைத்தானில் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசையே. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும்; ஆகவே ஆங்கிலத்தில் எழுதுவோருக்குப் பைட்டும் எழுத்தும் ஒன்றே. தமிழுக்கு அவ்வாறு அன்று. யூ.டி.எஃப்.-8 என்னும் குறியாக்க முறையில் ஒருங்குறித் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. எனவே பழைய பைத்தானிடம் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் பதினைந்து என்று விடை கூறும். பைட்டுச் சரத்தையும் ஒருங்குறிச் சரத்தையும் ஒன்றாகச் சேர்க்க முயன்றால், ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக நடக்கும். தமிழோ அரபியோ இடையில் வந்தவுடன் நிரல் பிழை கூறி நிற்கும். ஆங்கிலம் மட்டும் எழுதிச் சோதித்த நிரலாளருக்கு இக்குறை தெரியவே வராது.

இதனைக் களையவே பைத்தான் 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வெளியிடப்பட்டது. எழுத்துச் சரம் வேறு, பைட்டு வரிசை வேறு என அது தெளிவாகப் பிரித்தது. புதிய பைத்தானில் ‘தமிழ்’ என்பதன் நீளம் ஐந்து. நம் இலக்கணப்படி அது மூன்றெழுத்துச் சொல் என்பதால் இதுவும் முழுமையான விடை அன்று. எனினும் பதினைந்தைவிட மெய்க்கு நெருக்கமானது. மற்றொரு மாற்றம் வகுத்தல் பற்றியது. பழைய பைத்தானில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று என்னும் முழு எண் வரும், புதியதில் 3.5 வரும்.

இனி 1.67 என்னும் புதிர் எளிதில் அவிழும். எம் மாணவர், ஒவ்வொரு குறியும் மூன்றாகக் கணக்கிடப்படுவதைக் கண்டு, நீளத்தை மூன்றால் வகுத்திருந்தார். பழைய மொழியில் பதினைந்தை மூன்றால் வகுத்து ஐந்து கிடைத்தது. புதிய மொழி தானே ஐந்து என்று சரியாகக் கூற, அதனையும் நிரல் மூன்றால் வகுத்து, 1.67 என்று தந்தது. மொழியின் குறையை ஈடுகட்ட இட்ட ஒட்டு, குறை நீங்கியபின் தானே குறையாயிற்று.

இருவகை முறிவுகள்

மேற்கூறிய நிகழ்ச்சியில் இருவகை முறிவுகள் உள்ளமை நோக்குதற்குரியது. பிரிண்ட் கட்டளையால் நேர்ந்தது ஓசையுடன் நேர்ந்த முறிவு. நிரல் நின்றது; வரி எண் காட்டப்பட்டது; திருத்தம் எளிதாயிற்று. வகுத்தலால் நேர்ந்தது ஓசையற்ற முறிவு. நிரல் நிற்கவில்லை, பிழையான விடையைத் தயக்கமின்றித் தந்தது. 1.67 என்னும் எண் கேலிக்குரியதாய் இருந்தமையால் கண்டுபிடித்தோம். அது 2 என்று வந்திருப்பின், ஆய்வேடு ஒன்றில் ஏறி அச்சாகியும் இருக்கும்.

ஆகவே ஒரு கூறினை நீக்க வேண்டின், அதன் பொருளை மாற்றி அதே பெயரில் விட்டுவைப்பதைவிட, முற்றாக நீக்கித் தெளிவான பிழைச் செய்தியைக் காட்டுதலே நன்று. ஒரு மருந்துக் குப்பியில் வேறு மருந்தை ஊற்றி வைப்பதிலும், குப்பி காலியென்று எழுதி வைப்பது மேலானது அன்றோ? வகுத்தல் மாற்றத்தில் பைத்தான் பேணுநர் மற்றொரு நல்வழியையும் கையாண்டனர். புதிய வகுத்தலை விரும்புவோர் தம் நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதி, அதனைப் பழைய பைத்தானிலேயே பெறலாம் என்னும் வசதியை 2001ஆம் ஆண்டிலேயே அளித்தனர். எதிர்காலத்தை முன்கூட்டியே இறக்குமதி செய்யும் வசதி அது. ஆயினும் அதனை அறிந்தோர்க்கே அது பயன்பட்டது.

மாற்றம் ஏன் பன்னிரண்டு ஆண்டு எடுத்தது?

பைத்தான் 3 வெளிவந்தபோது, சில ஆண்டுகளில் அனைவரும் மாறிவிடுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாறு நிகழவில்லை. ஒரு நிறுவனம் மாற வேண்டின், அது பயன்படுத்தும் தொகுதிகள் அனைத்தும் முன்னதாக மாற வேண்டும். தொகுதிகளை எழுதுவோரோ, தம் பயனர் பலர் பழையதிலேயே இருத்தலால், பழையதைக் கைவிட அஞ்சினர். நீ முன்னே செல், நான் பின்னே வருகிறேன் என்று இருசாராரும் வாயிலில் நின்ற கதையாயிற்று.

தொடக்கத்தில் வகுக்கப்பட்ட திட்டத்திலும் ஒரு பிழை இருந்தது. பழைய நிரலைத் தானே புதியதாக மாற்றித் தரும் கருவி ஒன்று வழங்கப்பட்டது. ஒரு நாள் குறித்து, கருவியை ஓட்டி, அனைவரும் பாலத்தைக் கடந்துவிடலாம் என்பது கருத்து. ஆனால் தொகுதி எழுதுவோருக்கு வேண்டியது வேறு. ஒரே நிரல் பழையதிலும் புதியதிலும் ஓட வேண்டும். அப்போதுதான் இருசார்ப் பயனரையும் கைவிடாது காக்க இயலும். இத்தேவையைப் பேணுநர் முதலில் உணரவில்லை. பின்னர் 2010இல், இரு மொழிகளின் வேறுபாட்டையும் மறைத்து இடைநின்று உதவும் ‘சிக்ஸ்’ என்னும் சிறு தொகுதி தோன்றியது. இரண்டையும் மூன்றையும் பெருக்க ஆறு வரும் என்பதே அப்பெயரின் காரணம்.

பேணுநர் தம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய செய்தி பாராட்டத்தக்கது. பழைய பைத்தானில் ஒருங்குறிச் சரத்தைக் குறிக்க அதன் முன் ‘யு’ என்னும் எழுத்தை இடுவர். புதியதில் சரம் அனைத்தும் ஒருங்குறியே ஆதலின், அவ்வெழுத்து தேவையற்றதென 3.0 பதிப்பில் நீக்கினர். நீக்கியதால் மொழி சற்றுத் தூய்மையாயிற்று. ஆனால் ஒருங்குறியை முன்பே ஒழுங்காகப் பயன்படுத்திய நல்ல நிரல்களே அதனால் முறிந்தன. 2012இல் வந்த 3.3 பதிப்பில் அவ்வெழுத்து மீண்டும் ஏற்கப்பட்டது. அதற்குப் பொருள் ஏதும் இல்லை. பழைய நிரல் கடந்துவர உதவும் ஊன்றுகோலாக மட்டும் அது மீண்டது. அவ்வாறே பைட்டு வரிசைகளில் விழுக்காட்டுக் குறியிட்டு மதிப்புகளைப் பொருத்தும் வசதியும் 2015இல் வந்த 3.5 பதிப்பில் மீட்கப்பட்டது.

பழைய தலைமுறையின் இறுதிப் பதிப்பான 2.7, 2010 ஜூலையில் வெளிவந்தது. அதற்கான பராமரிப்பு 2015இல் முடியும் என்று முதலில் கூறப்பட்டது. மாற்றம் மெதுவாக நடப்பதைக் கண்டு, 2014இல் அக்கெடு 2020 வரை நீட்டிக்கப்பட்டது. அதன்பின் நீட்டிப்பு இல்லை என்பதும் உறுதியாக உரைக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளோடு ஆதரவு முடிவுற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் 2.7.18 என்னும் கடைசி வெளியீடு வந்தது. 2008 முதல் 2020 வரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் இரு தலைமுறைகளும் அருகருகே வாழ்ந்தன.

நெறிப்பட நீக்குதல்

இப்பட்டறிவின் பயனாக இன்று பைத்தானிலும் பிற திறமூலத் திட்டங்களிலும் கைக்கொள்ளப்படும் நெறியை ஐந்து படிகளாக வகுத்துரைக்கலாம்.

முதலாவது, மாற்று வழியை அமைத்தல். பழைய கூறு செய்த பணியைச் செய்யும் புதிய கூறு முன்னரே இருத்தல் வேண்டும். புது வீட்டுக்குக் கூரை வேயாமல் பழைய வீட்டை இடிப்பது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, அறிவித்தல். இக்கூறு கைவிடப்படவுள்ளது, இதற்கு ஈடாக இன்னதைப் பயன்படுத்துக, இன்ன பதிப்பில் இது நீக்கப்படும் என்று ஆவணத்தில் எழுத வேண்டும். ‘எதிர்காலத்தில் நீக்கப்படலாம்’ என்னும் பொதுவான கூற்று எவரையும் அசைப்பதில்லை.

மூன்றாவது, எச்சரித்தல். அக்கூறினைப் பயன்படுத்தும் நிரல் ஓடும்போது, பணியை வழக்கம்போல் செய்துவிட்டு, ஓர் எச்சரிக்கையும் வெளியிட வேண்டும்.

நான்காவது, காத்திருத்தல். பைத்தானின் வரையறுக்கப்பட்ட கொள்கைப்படி, எச்சரிக்கை தொடங்கியபின் குறைந்தது இரண்டு பதிப்புகளிலேனும் அக்கூறு தொடர்ந்து இயங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பதிப்பு வெளிவரும் இக்காலத்தில், குறைந்தது இரண்டு ஆண்டுக் கெடு என்று இதற்குப் பொருள்.

ஐந்தாவது, நீக்குதல். குறித்த பதிப்பில், தெளிவான பிழைச் செய்தியோடும் மாற்ற விவரக் குறிப்போடும் நீக்க வேண்டும்.

இந்நெறிக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று கூறலாம். பைத்தானோடு சேர்த்து வழங்கப்பட்ட தொகுதிகளுள் பல, 1990களின் தேவைக்கு எழுதப்பட்டவை. கடவுச்சொல்லை மறைக்காது அனுப்பும் டெல்நெட் முறைக்குரிய தொகுதி அவற்றுள் ஒன்று. பழைய இணையப் படிவங்களைக் கையாண்ட சி.ஜி.ஐ. தொகுதி மற்றொன்று. இத்தகைய 19 தொகுதிகள் கைவிடப்படவுள்ளன என்று 2022இல் வந்த 3.11 பதிப்பு எச்சரித்தது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் அவை நீக்கப்பட்டன. தேவைப்படுவோர் அவற்றின் மூலநிரலைத் தனியே எடுத்துப் பேணலாம். திறமூலத்தின் உரிமம் அதற்கு இடம் தருகிறது. நீக்கப்பட்டது அழிக்கப்பட்டதாகாது என்பது திறமூலத்தின் தனிச்சிறப்பு.

கெடு முடிந்தது என்பதனாலேயே கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதும் முறையன்று. தரவு அமைப்புகளுக்குரிய தொகுதியில் இருந்த சில பெயர்கள் 2012இல் வேறு இடத்திற்கு மாற்றப்பட்டன. பழைய இடத்திலும் அவை கிடைக்குமாறு விடப்பட்டன. அவற்றை 3.9 பதிப்பில் நீக்க எண்ணியிருந்தனர். ஆனால் அப்பதிப்பு வெளிவந்த 2020ஆம் ஆண்டிலேதான் பலர் பைத்தான் 2ஐக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் மூச்சுவிட ஓராண்டு வேண்டும் எனக் கருதி, நீக்கம் 3.10 பதிப்புக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எச்சரிக்கை யாருக்கு?

மேற்கூறிய ஐந்து படிகளுள் மூன்றாவதே மிகக் கடினமானது. எச்சரிக்கை விடுப்பது எளிது. அது உரியவர் செவியை அடைவது அரிது. பைத்தானில் ஒரு காலத்தில் இவ்வெச்சரிக்கைகள் அனைவருக்கும் காட்டப்பட்டன. நிரலைத் திருத்த அறியாத எளிய பயனர், பொருள் விளங்காத செய்தியைக் கண்டு மருண்டனர். எனவே 2.7, 3.2 ஆகிய பதிப்புகளில் அவை இயல்பாக மறைக்கப்பட்டன. இப்போது திருத்த வேண்டிய நிரலாளருக்கும் அவை தெரியாமற் போயின. 2018இல் வந்த 3.7 பதிப்பில் இடைவழி ஒன்று காணப்பட்டது. பயனர் நேரடியாக இயக்கும் நிரலில் உள்ள பழங்கூறுகளுக்கு மட்டும் எச்சரிக்கை காட்டப்படும். பிறர் எழுதிய தொகுதிகளுக்குள் இருப்பவை மறைக்கப்படும்.

இச்சிக்கல் இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. பைத்தான் தொகுதிகளைக் கட்டமைக்க உதவும் ‘செட்டப்டூல்ஸ்’ என்னும் கருவியில், அமைப்புக் கோப்பின் சில பெயர்களில் இடைக்கோடு இடும் பழைய வழக்கம், அடிக்கோடு இடும் புதிய வழக்கத்திற்கு இடந்தர வேண்டும் என 2021 முதல் எச்சரிக்கப்பட்டு வந்தது. 2025 மார்ச்சில் பழைய வழக்கம் நீக்கப்பட்டது. உடனே பல தொகுதிகளை நிறுவ இயலாது போயிற்று; நீக்கம் விரைந்து திரும்பப் பெறப்பட்டது. நான்கு ஆண்டு எச்சரிக்கை ஏன் பயன்படவில்லை? தொகுதியை எழுதியவர் அதனை முடித்துவிட்டு வேறு பணிக்குச் சென்றிருந்தார்; எச்சரிக்கையை அவர் காணவே இல்லை. நிறுவியவரின் கணினியிலோ அச்செய்தி திரைக்கு வராமல் உள்ளுக்குள் அடங்கிப்போயிற்று. ஒரு கோட்டை மாற்றுவது சிறு செயல்தான். ஆனால் அதனை மாற்றும் கை எங்கே என்பதுதான் வினா. எங்கள் துறை மாணவரின் நிரலும் இத்தகையதே அன்றோ?

லினக்ஸின் நிலைப்பாடு

லினக்ஸ் இயக்குதளத்தின் கருவகம் இவ்வகையில் கடுமையான நோன்பு ஒன்றை மேற்கொண்டுள்ளது. ஃபின்லாந்து நாட்டின் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அத்திட்டத்தில், கருவகத்தில் செய்யும் மாற்றத்தால் பயனரின் நிரல் முறியுமாயின் குற்றம் கருவகத்தினதே. பயனரின் நிரலைக் குறை கூறுதல் கூடாது என்பது விதி. ஆயினும் அங்கும் பழையன என்றென்றும் தங்குவதில்லை. ஏ.அவுட் என்னும் பழைய கோப்பு அமைப்பு 1990களின் இடைப்பகுதியிலேயே எல்ஃப் என்னும் புதிய அமைப்புக்கு வழிவிட்டது. அதனைக் கைவிடும் அறிவிப்பு 2019இல்தான் வந்தது. 2022இல்தான் நீக்கம் நடந்தது. எவரும் பயன்படுத்துவதில்லை என்பது ஏறத்தாழ உறுதியான பின்னரே கத்தி எடுக்கப்பட்டது. லினக்ஸ் முதன்முதலில் எழுதப்பட்டதே இன்டெல் 386 செயலிக்காகத்தான். அச்செயலிக்கான ஆதரவும் 2013இல் வந்த 3.8 பதிப்பில் விடைபெற்றது. பிறந்த வீட்டையும் ஒருநாள் விட்டு நீங்கத்தான் வேண்டும் போலும்.

பைத்தானின் வழியையும் லினக்ஸின் வழியையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். பழையதை வைத்திருக்கும் சுமையைப் பேணுநர் தாங்குவதா, மாற்றிக்கொள்ளும் சுமையைப் பயனர் தாங்குவதா என்பதே வினா. எதனையும் நீக்காத திட்டம் பழஞ்சரக்கின் எடையால் நடக்க இயலாது தளரும். பாதுகாப்புக் குறைகளும் அதில் பதுங்கும். எண்ணியவுடன் நீக்கும் திட்டத்தையோ எவரும் நம்பார். நம்பாதோர் புதிய பதிப்புக்கு மாறவும் மாட்டார். மாறாது பழைய பதிப்பிலேயே தங்குவோர், பாதுகாப்புத் திருத்தங்களும் கிட்டாமல் இடர்ப்படுவர்.

பயனரின் கடமை

பேணுநருக்கு மட்டுமன்றிப் பயனருக்கும் கடமை உண்டு. எச்சரிக்கைகளை இயக்கி வைத்து அவ்வப்போது படித்தல் வேண்டும். பல பதிப்புகளை ஒரே தாவலில் கடக்காமல், ஒவ்வொரு பதிப்பாக ஏறி, ஒவ்வொன்றிலும் எச்சரிக்கைகளைத் தீர்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். விடை தெரிந்த சில சோதனைகளை நிரலோடு எழுதி வைத்தல் வேண்டும். ‘தமிழ்’ என்பதன் நீளம் ஐந்து என வரவேண்டும் என்னும் ஒரு வரிச் சோதனை எங்கள் நிரலில் இருந்திருப்பின், ஓசையற்ற முறிவு முதல் நாளிலேயே ஓசையிட்டிருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, நிரலை எழுதியவர் விடைபெறும்போது அதனைப் பேணும் பொறுப்பை மற்றொருவர் ஏற்றல் வேண்டும். இன்று எம் துறையில் ஆண்டுதோறும் ஒரு மாணவர் அப்பொறுப்பை ஏற்கிறார். வகுக்கும் வரி நீக்கப்பட்டு, உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் முறையும் சேர்க்கப்பட்டுள்ளது. இப்போது ‘தமிழ்’ மூன்றெழுத்தே.

முடிவுரை

தமிழ் எழுத்துலகிலும் நெறிப்பட நிகழ்ந்த மாற்றம் ஒன்று உண்டு. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில், ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளின் வடிவ மாற்றத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. நாற்பது ஆண்டுக்கு மேல் இரு வடிவங்களும் அருகருகே வாழ்ந்தபின் வந்த ஆணை அது. மாற்றம் சிறிதாகவும், மாற்று வடிவம் முன்பே பழகியதாகவும் இருந்தமையால், புதியதைக் கற்றோர் பழைய நூல்களையும் தடையின்றிப் படிக்கின்றனர்.

இதற்கு மறுதலையான சான்று நம் இல்லங்களிலேயே உள்ளது. அரபு எழுத்துகளில், தமிழொலிக்கென வகுத்த சில எழுத்துகளையும் சேர்த்துத் தமிழை எழுதிய அரபுத்தமிழ் முறை, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முஸ்லிம்களிடையே நெடுங்காலம் வழங்கியது. மார்க்க நூல்களும் மடல்களும் அதில் எழுதப்பட்டன. அதனை நீக்குவதாக எவரும் அறிவிக்கவில்லை, மாற்றி எழுதித்தரும் கருவி எதுவும் தரப்படவில்லை, கெடுவும் குறிக்கப்படவில்லை. மெல்ல நின்றது. பாட்டியார் ஓதிய நூல் பேரனின் அலமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. திறந்தால் ஓசை தெரிகிறது, பொருள் தெரிவதில்லை. எழுத்து அரபு, மொழி தமிழ் என்பதே பலருக்குத் தெரியாது. பழையதைப் படிக்க வல்லார் வாழும் காலத்திலேயே அவற்றைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிவிடுதல் நம் போன்ற துறைகளின் கடன்.

பழையன நீங்குதல் தவறன்று; அதனை இலக்கணமும் ஒப்புகிறது. ஆனால் நீக்குவோர் மாற்று வழி அமைத்து, முன்னறிவித்து, எச்சரித்து, காத்திருந்து, பின்னரே நீக்க வேண்டும். பின்வருவோரின் வாழ்வில் நேற்றைய உழைப்பு வீணாகாதிருக்க அதுவே வழி. முகமறியாத பயனருக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த அந்நிரலாளரிடம், முகமறிந்த முன்னோரின் நூல்களைக் காக்க வேண்டிய நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.